கட்டுக்குள் ஒரு கட்டுமானம்

எங்கள் வீட்டில் துணி துவைக்கும் கல்லைச் சுற்றி எப்போதும் கொஞ்சம் பாசி படிந்திருக்கும். அம்மா 61 வயதில் அங்கேதான் வழுக்கினார். விழும்போது எல்லாரும் செய்வதையே அவரும் செய்தார்: வலது கையை ஊன்றினார். தூக்கிவிட்டபோது மணிக்கட்டுக்குச் சற்று மேலே கை வளைந்து, கவிழ்த்து வைத்த முள்கரண்டியைப் போல இருந்தது. டப்ளின் நகரத்து மருத்துவர் ஆபிரகாம் காலீஸ் 1814இல் எழுதிவைத்த அதே முறிவு. எக்ஸ்ரே வந்தது 1895இல்தான். அதற்கு 81 ஆண்டுகளுக்கு முன்பே, வெறும் கையால் தொட்டுப் பார்த்து அவர் அதை விவரித்திருந்தார்.

மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து, கையை இழுத்து நேராக்கி, மாவுக்கட்டு போட்டார். "ஆறு வாரம்" என்றார். வீட்டுக்கு வந்ததும் ஆலோசனைகள் குவிந்தன. எதிர்வீட்டுப் பாட்டி பிரண்டைத் துவையல் என்றார். மாமா புத்தூர் கட்டுக்குப் போயிருக்கலாம் என்றார். அத்தை ஆட்டுக்கால் சூப்போடு வந்தே விட்டார். அம்மா மட்டும் கட்டைத் தடவிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்: "ஆறு வாரம் இதற்குள் என்னதான் நடக்கும்?"

நல்ல கேள்வி. நம்மில் பலர், கட்டுதான் எலும்பை ஒட்டுகிறது என்று நினைக்கிறோம். உடைந்த பீங்கானுக்குப் பசை போல, எலும்புக்கு மாவு. அது அப்படியில்லை. மாவுக்கட்டில் இருப்பது ஜிப்சத்தைச் சுட்டு அரைத்த தூள். தண்ணீர் பட்டதும் இறுகும், இறுகும்போது சூடாகும் ("கை கொதிக்கிறதே" என்று அம்மா பயந்தது அதனால்தான்). நெதர்லாந்து ராணுவ மருத்துவர் அன்டோனியஸ் மத்தெய்சன் 1850களின் தொடக்கத்தில் அதைத் துணியில் தடவிக் கட்டும் முறையைப் பரப்பினார். அந்தத் தூளில் மருந்து எதுவும் இல்லை. கட்டுமான வேலையில் சென்ட்ரிங் பலகையும் முட்டும் செய்வதைத்தான் அது செய்கிறது. தளம் இறுகும் வரை தாங்கிப் பிடிக்கும். தளத்தைப் போடுவது வேறு ஆள்.

அந்த ஆள் எலும்புதான். இதற்கு நல்ல சாட்சி காட்டில் கிடைத்தது. அடால்ஃப் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் தாய்லாந்துக் காடுகளில் வாழ்ந்த கிப்பன் குரங்குகளின் எலும்புக்கூடுகளை ஆராய்ந்தார். மரத்துக்கு மரம் தாவும் பிராணி, தவறி விழத்தான் செய்யும். ஏறத்தாழ மூன்றில் ஒரு குரங்குக்கு எங்கோ ஓர் எலும்பு முறிந்து, தானே கூடியிருந்தது. கட்டும் இல்லை, சூப்பும் இல்லை. சில எலும்புகள் கோணலாகக் கூடியிருந்தன, ஆனால் கூடியிருந்தன. கோணாமல் கூட வைப்பதுதான் மருத்துவரின் வேலை.

எலும்பு என்னும் உயிருள்ள பொருள்

எலும்பு ஏதோ காய்ந்த குச்சி என்ற எண்ணத்தை முதலில் விடவேண்டும். கோழிக்கால் எலும்பு ஒன்றைக் கழுவி, வினிகரில் மூழ்க வைத்து, இரண்டு நாளுக்கு ஒருமுறை வினிகரை மாற்றி வாருங்கள். ஒரு வாரத்தில் அதை ரப்பர் போல வளைக்கலாம். எலும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாதுப் படிகம். வினிகர் அதைக் கரைத்துவிட்டது. மிஞ்சியது கொலாஜன் என்ற புரத நார்.

இதற்கு நேரெதிரான சோதனையை நம்மில் பலர் வேறோர் இடத்தில் பார்த்திருக்கிறோம். தகனம் முடிந்த மறுநாள் அஸ்தி பொறுக்கப் போனவர்களுக்குத் தெரியும். எலும்பு வடிவம் மாறாமல்தான் கிடக்கும், எடுத்தால் விரலிடுக்கில் பொடியும். தீ அங்கே நாரை எரித்துவிட்டது, தாது மட்டும் மிச்சம். தாது இல்லாத எலும்பு வளையும், நார் இல்லாத எலும்பு நொறுங்கும். இரண்டும் பின்னியிருப்பதால்தான் ஒரு மனிதன் ஆயுள் முழுக்க அதன்மேல் நடக்க முடிகிறது.

இந்தப் பின்னலுக்குள் செல்கள் குடியிருக்கின்றன. ஆஸ்டியோபிளாஸ்ட் எலும்பைக் கட்டும் செல், அதாவது கொத்தனார். ஆஸ்டியோகிளாஸ்ட் அமிலமும் நொதியும் சுரந்து எலும்பைக் கரைக்கும் செல், இடிக்கிற ஆள். கட்டி முடித்த கொத்தனார்களில் சிலர் தாங்கள் கட்டிய சுவருக்குள்ளேயே சிக்கி அங்கேயே தங்கிவிடுவார்கள். அவர்களின் பெயர் ஆஸ்டியோசைட். மெல்லிய இழைகளால் ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டு, எலும்பின்மேல் எங்கே எவ்வளவு பாரம் விழுகிறது என்பதை உணர்ந்துகொண்டிருப்பவை இந்தச் செல்கள்தான். இவற்றைப் பற்றிப் பின்னால் மறுபடியும் பேசவேண்டியிருக்கும்.

எலும்பைச் சுற்றி ஓர் உறை உண்டு. பெரியாஸ்டியம் என்பார்கள். ரத்தக் குழாயும் நரம்பும் நிறைந்த சவ்வு. முறிவில் உயிர் போகிற வலிக்கு முக்கியக் காரணம் இந்தச் சவ்வு கிழிவதுதான். புது எலும்பு கட்டத் தேவையான இளஞ்செல்களைக் கொடுப்பதும் இதுவே. குழந்தைகளுக்கு இந்த உறை தடிமனாக இருக்கும். அவர்களின் எலும்பும் வளைந்துகொடுக்கும். அதனால்தான் அது பல சமயம் பச்சைக் கிளை போல ஒரு பக்கம் மட்டும் முறிந்து, மறுபக்கம் மடங்கித் தொங்குகிறது. அவர்களுக்குச் சீக்கிரம் கூடுவதற்கும் இந்தத் தடித்த உறை ஒரு காரணம்.

முதல் மூன்று வாரம்

முறிந்த நிமிடத்திலேயே வேலை தொடங்கிவிடுகிறது. எலும்புக்குள்ளும் உறையிலும் ஓடும் குழாய்கள் அறுந்து ரத்தம் கொட்டும். தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டுக்கூடத் தெரியாமல் ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் தசைக்குள் இறங்கிவிடலாம். மணிக்கட்டில் அது சிறு வீக்கம். அந்த ரத்தம் முறிவிடத்தில் உறைந்து கட்டியாகிறது. பார்ப்பதற்குக் கேடு போலத் தெரியும். ஆனால் அந்தக் கட்டிதான் அஸ்திவாரம். அதிலிருந்து கிளம்பும் ரசாயன அழைப்பைக் கேட்டு வெள்ளணுக்கள் வந்து சேர்கின்றன. செத்த திசுவையும் எலும்புத் தூளையும் விழுங்கிச் சுத்தம் செய்கின்றன. வீக்கமும் சூடும் வலியும் அந்த வேலையின் அடையாளங்கள். துப்புரவு முடியுமுன்னே சிறு ரத்தக் குழாய்கள் உள்ளே துளிர்க்கத் தொடங்கும்.

எலும்பே தன் பழுதுக்கு ஆள் கூப்பிடுகிறது என்பதை அழகாகக் காட்டியவர் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட். நாம் வினிகரில் செய்த அதே வேலையை அவர் வலுவான அமிலத்தில் செய்தார். தாதுவை நீக்கிய எலும்பை எடுத்து, எலும்பே இல்லாத இடத்தில், ஒரு விலங்கின் தசைக்குள் வைத்துத் தைத்தார். சில வாரங்களில் அந்தத் தசைக்குள் புதிதாக எலும்பு முளைத்திருந்தது! 1965இல் இதை வெளியிட்டார். அந்த ரப்பர் போன்ற மிச்சத்தில் "இங்கே எலும்பு கட்டு" என்று சொல்லும் புரதம் ஒளிந்திருந்தது. முறியும்போது அது வெளியே கசிகிறது.

அடுத்து நடப்பதுதான் எனக்கு மிகவும் வியப்பான கட்டம். எலும்பு முறிந்த இடத்தில் உடல் நேராக எலும்பைக் கட்டுவதில்லை. முதலில் நாரும் குருத்தெலும்பும் கலந்த, காது மடல் போன்ற மெத்தென்ற ஒன்றைக் கட்டுகிறது. ஏன் இந்தச் சுற்று வழி?

ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு எலும்பு முனைகள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். கை அசையும்போது அந்த இடைவெளி இன்னொரு மில்லிமீட்டர் விரிந்தால், அதற்குள் இருக்கும் செல் தன் நீளத்தைப் போல இரு மடங்கு இழுபடும். துளிர்க்கும் இளந்திசு அந்த இழுப்பைத் தாங்கும். குருத்தெலும்பு ஏறத்தாழ 10 சதவீத இழுப்பு வரைதான் தாங்கும். எலும்போ 2 சதவீதத்தைத் தாண்டினால் கிழிந்துவிடும். ஸ்விட்சர்லாந்து ஆய்வாளர் ஸ்டெபான் பெரன் 1970களில் சொன்ன கணக்கு இது. ஆட்டம் கண்ட இடத்தில் எலும்பு உருவாகவே முடியாது. எனவே ஆட்டத்தைத் தாங்கும் திசு முதலில் வந்து இடத்தைக் கொஞ்சம் இறுக்குகிறது. இறுகிய இடத்தில் குருத்தெலும்பு வருகிறது. அது இன்னும் இறுக்கியபின் எலும்பு வருகிறது. குருத்தெலும்புக்கு இன்னொரு வசதியும் உண்டு. ரத்த ஓட்டம் குறைவாக இருந்தாலும் அதனால் வாழ முடியும், எலும்புச் செல்லுக்கு அது முடியாது.

தாயின் வயிற்றில் கை கால் எலும்புகள் முதன்முதலில் உருவானதும் இதே வழியில்தான். முதலில் குருத்தெலும்பு, அதற்குள் ரத்தக் குழாய், பிறகு எலும்பு. 61 வயதில் விழுந்த அம்மாவின் மணிக்கட்டு, பிறப்பதற்கு முன் ஒருமுறை செய்த வேலையை மறுபடியும் செய்துகொண்டிருந்தது.

இந்தக் கட்டத்தில் எக்ஸ்ரே எடுத்தால் ஏமாற்றமாக இருக்கும். குருத்தெலும்பில் கால்சியம் இல்லாததால் படத்தில் தெரியாது. பத்தாம் நாள் படத்தில் முறிவுக்கோடு முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்து பயமுறுத்துவதும் உண்டு. முனைகளில் செத்துப்போன எலும்பை இடிக்கும் செல்கள் அகற்றியிருக்கும், அவ்வளவுதான். கட்டைவிரலின் அடியில் இருக்கும் ஸ்கேபாய்ட் என்ற சிறு எலும்பின் முறிவு முதல் நாள் படத்தில் தெரியாமலே போய், இரண்டு வாரம் கழித்து எடுக்கும் படத்தில் வெளிப்படுவதும் இதனால்தான். மருத்துவர் "பத்து நாள் கழித்து மறுபடியும் எடுக்கலாம்" என்றால் பணம் பறிக்கிறார் என்று உடனே முடிவு கட்டிவிட வேண்டாம்.

முடிச்சு இறுகுகிறது

மூன்றாவது வாரத்திலிருந்து குருத்தெலும்புக்குள் கால்சியம் படியத் தொடங்கும். உறைக்கு அடியிலிருந்து நேரடியாகவும் புது எலும்பு வளரும். இரண்டும் சேர்ந்து முறிவைச் சுற்றி ஒரு முடிச்சு போல வீங்கும். மருத்துவர்கள் இதைக் கேலஸ் என்பார்கள். நான்காம் வாரம் எடுத்த படத்தை அம்மா டியூப்லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முறிவுக்கோட்டின் ஓரத்தில் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளித்தது போல மங்கலாக ஒரு வெண்மை. "இதுவா?" என்றார். அதேதான்.

கேலஸ் ஏன் அவ்வளவு தடிமனாக இருக்க வேண்டும்? ஒரு தடியின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால், அது வளையாமல் நிற்கும் திறன் இரண்டு மடங்கு அல்ல, 16 மடங்கு கூடும். அவசரத்தில் கட்டிய எலும்பு தரத்தில் மட்டமானது. அதன் நார்கள் வைக்கோல் போர் போல தாறுமாறாகக் கிடக்கும். ஆனால் நடுவிலிருந்து தள்ளி, வெளியே பருமனாகக் கட்டுவதால் மட்டமான சரக்கே போதுமான உறுதியைத் தருகிறது. மூங்கில் உள்ளே கூடாக இருந்தும் சாரத்தைத் தாங்குகிறதே, அந்தக் கணக்கு.

இந்த முடிச்சு இரு முனைகளையும் பாலம் போலச் சேர்த்துவிட்டால் எலும்பு கூடிவிட்டது என்பார்கள். அழுத்தினால் வலி இருக்காது, முறிவிடத்தில் அசைவு இருக்காது, படத்தில் பாலம் தெரியும். எத்தனை நாள்? மருத்துவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. பெரியவர்களுக்குக் கை எலும்பு என்றால் ஏறத்தாழ 6 வாரம், கால் எலும்பு என்றால் 12 வாரம், குழந்தைகளுக்கு அதில் பாதி. முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பு இந்தக் கணக்கை அடிக்கடி மீறும். நான்கைந்து மாதம் இழுத்தடிப்பதும் சாதாரணம். அதன் முன்பக்கம் தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. அங்கே தசை இல்லை, அதனால் ரத்தமும் குறைவு.

ரத்தம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றுகூடச் சொல்லலாம். தளம் போட்டபின் தண்ணீர் ஊற்றாமல் விட்டால் விரிசல் விடும் என்பது வீடு கட்டிய எல்லாருக்கும் தெரியும். ஸ்கேபாய்டுக்கு ரத்தம் விரல் பக்கத்து முனையில்தான் நுழைகிறது. நடுவில் முறிந்தால் மறுபாதி பட்டினி கிடந்து செத்துப்போகவும் கூடும். இடுப்போடு சேரும் தொடை எலும்பின் கழுத்திலும் இதே சிக்கல். வயதானவர்களுக்கு அங்கே முறிவு ஏற்பட்டு விலகிப்போனால், ஒட்டும் என்று காத்திராமல் பல சமயம் செயற்கை மூட்டையே வைத்துவிடுகிறார்கள். சிகரெட் பிடிப்பவர்களுக்கு எலும்பு கூடுவது தாமதமாவதற்கும் ஒரு காரணம் ரத்தம்தான். நிகோட்டின் சிறு குழாய்களைச் சுருக்கிவிடும். கட்டு போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்று புகைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு ஒன்று சொல்லத் தோன்றும், சொன்னதில்லை.

அசையலாமா, கூடாதா?

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். அசைந்தால் கூடாது என்றும் சொல்கிறார்கள், சீக்கிரம் நடக்க வேண்டும் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் உண்மை.

அளவுக்கு மீறி அசைந்தால் பாலம் ஒவ்வொரு நாளும் கட்டப்பட்டு ஒவ்வொரு நாளும் கிழியும். மாதக்கணக்கில் இப்படிப் போனால் உடல் சலித்து, அந்த இடத்தையே மூட்டு போல வைத்துக்கொள்ளும். இரண்டு முனைகளும் வழுவழுப்பாகி, நடுவில் திரவம்கூடச் சுரக்கும். பொய் மூட்டு என்பார்கள். அதன்பின் அறுவை சிகிச்சை செய்து, முனைகளைச் செதுக்கி, இடுப்பெலும்பிலிருந்து துண்டு எடுத்து வைத்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆனால் துளியும் அசையாவிட்டால் கேலஸ் உருவாகாது. சிறு அசைவுதான் கேலஸுக்குத் தூண்டுதல். தகடும் திருகும் வைத்து இரு முனைகளையும் இடைவெளியின்றி இறுக்கிவிட்டால் எலும்பு வேறொரு வழியில் கூடும். இடிக்கும் செல்கள் கூட்டமாகச் சேர்ந்து முறிவுக்கோட்டின் குறுக்கே சுரங்கம் தோண்டும். பின்னாலேயே கொத்தனார்கள் அந்தச் சுரங்கத்தைப் புது எலும்பால் நிரப்பிக்கொண்டு வருவார்கள். ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குதான் முன்னேற்றம். முடிச்சும் இல்லை, வீக்கமும் இல்லை, வேகமும் இல்லை. ஆரம்பத்தில் பாரத்தைத் தாங்குவது தகடுதான், எலும்பு அல்ல. 1958இல் சுவிஸ் அறுவை மருத்துவர்கள் சிலர் தொடங்கிய ஏஓ என்ற அமைப்பு இந்த முறையை உலகமெங்கும் கொண்டுபோனது. மூட்டுக்குள் ஓடும் முறிவுகளுக்கு இது மிகச் சிறந்தது. மூட்டின் பரப்பு ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் பின்னாளில் தேய்மானம் வரலாம்.

தொடை, கணைக்கால் போன்ற நீண்ட எலும்புகளுக்கு உள்ளே நீளக் கம்பி செருகும் முறையை ஜெர்மனியின் கெர்ஹார்ட் கூன்ச்சர் 1939இல் செய்தார். கம்பி எலும்பைத் தாங்கவும் தாங்கும், ஊன்றி நடக்கும்போது ஒரு துளி அசைவுக்கும் இடம் கொடுக்கும். அதனால் கேலஸ் நன்றாக வரும். கம்பி வைத்தவரை மறுநாளே நடக்கச் சொன்னால், மருத்துவருக்கு இரக்கமில்லை என்று நினைக்க வேண்டாம்.

எலும்பைப் புரிந்துகொண்ட ஒரு மனிதர் அதை எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும் என்பதற்கு சைபீரியாவின் குர்கான் நகரில் இருந்த கவ்ரீல் இலிசாரவ் சாட்சி. போரில் காயம்பட்டு எலும்பு கூடாமல் தவித்தவர்களுக்கு 1950களில் வளையங்களும் மெல்லிய கம்பிகளும் கொண்ட ஒரு சட்டத்தை வெளியே பொருத்தினார். எலும்பை வெட்டி, சில நாள் விட்டு, இரு முனைகளையும் தினமும் ஒரு மில்லிமீட்டர் விலக்கினார். அதுவும் ஒரே மூச்சில் அல்ல, நாளுக்கு நான்கு முறை கால் கால் மில்லிமீட்டராக. நடுவில் இளங்கேலஸ் நீண்டுகொண்டே வந்தது. ஒரு மாதத்தில் மூன்று சென்டிமீட்டர் புது எலும்பு! குட்டையாகிப்போன கால் நீளமானது. வேகமாக விலக்கினால் கிழியும், மெதுவாக விலக்கினால் நடுவிலேயே கூடிவிடும்.

பலம் எப்போது திரும்பும்?

ஆறாம் வாரம் கட்டைப் பிரித்தார்கள். அதிரும் ரம்பம் கட்டைக் கீறும்போது அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டார். உள்ளேயிருந்து வந்தது அவருடைய கை போலவே இல்லை. மெலிந்து, தோல் செதில் செதிலாக உரிந்து, வளையல் போட்ட இடம் மட்டும் வெளுத்து. காபி டம்ளரைத் தூக்கியபோது கை நடுங்கியது. "கூடிவிட்டது என்றார்களே!"

கூடியது உண்மை, பலம் வரவில்லை. இரண்டும் ஒன்றல்ல என்பதைக் கட்டு பிரிக்கும் நாளில் யாராவது சொல்லித்தர வேண்டும். ஆறு வாரம் வேலையில்லாமல் இருந்த தசை வற்றியிருக்கும், மூட்டு இறுகியிருக்கும். அக்கம்பக்கத்து எலும்பில்கூடக் கொஞ்சம் தாது குறைந்திருக்கும். கேலஸோ அவசரமாகக் கட்டிய தாறுமாறான எலும்பு.

இனி நடக்கும் வேலைக்கு மாதங்கள் ஆகும், சமயத்தில் வருடங்களும் ஆகும். இடிக்கும் செல்கள் ஓரிடத்தில் மூன்று வாரம் தோண்டினால், கொத்தனார்கள் அதை நிரப்ப ஏறத்தாழ மூன்று மாதம் எடுத்துக்கொள்வார்கள். இந்த முறை நார்கள் ஒழுங்காக, அடுக்கடுக்காக, பாரம் வரும் திசையில் படுக்க வைக்கப்படும். தேவையில்லாத முடிச்சு கரைந்துபோகும், பாரம் விழும் பக்கம் தடிக்கும். நீண்ட எலும்பின் நடுவே அடைபட்ட மஜ்ஜைக் குழிகூட மறுபடியும் திறக்கும். தோலில் வெட்டுப்பட்டால் தழும்பு விழும், இதயத் தசை செத்தாலும் தழும்புதான். எலும்பு மட்டும் தழும்பு வைக்காமல், எலும்பாகவே திரும்பி வருகிறது. உடலில் இப்படிச் செய்யத் தெரிந்த உறுப்புகள் மிகக் குறைவு.

எங்கே தடிக்க வேண்டும், எங்கே கரைய வேண்டும் என்று யார் சொல்கிறார்கள்? சுவருக்குள் சிக்கிய அந்த ஆஸ்டியோசைட்டுகள்தான். பாரம் விழுந்தால் அவை கொத்தனார்களை அழைக்கும், விழாவிட்டால் இடிப்பவர்களை. பெர்லின் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் இதை ஒரு விதியாகவே எழுதினார்: எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன் வடிவை மாற்றிக்கொள்ளும். டென்னிஸ் ஆட்டக்காரர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, மட்டை பிடிக்கும் கையின் மேற்கை எலும்புச் சுவர் மறுகையைவிட மூன்றில் ஒரு பங்கு வரை தடித்திருந்தது. பாரமே இல்லாத விண்வெளியில் தங்குபவர்களுக்கு இடுப்பெலும்பின் அடர்த்தி மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை குறைகிறது. அங்கே தினமும் இரண்டு மணிநேரம் உடற்பயிற்சி செய்யச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனவே கட்டைப் பிரித்தபின் கையைத் தொட்டிலில் போட்டுப் பத்திரமாக வைத்திருப்பவர்கள் அதற்கு நல்லது செய்வதாக நினைத்துக் கெடுதல் செய்கிறார்கள். அம்மாவின் பிசியோதெரபிஸ்ட் முதலில் வெந்நீரில் விரல்களை மடக்கி நீட்டச் சொன்னார். அடுத்து ஸ்பாஞ்சைப் பிழியச் சொன்னார். அதன்பின் சப்பாத்தி மாவு பிசையச் சொன்னார். ஈரத்துணியை முறுக்கிப் பிழிய முடிந்தபோது மூன்றரை மாதம் ஆகியிருந்தது. வலி இருந்ததா? இருந்தது. வேலை செய்தபின் சற்று நேரத்தில் தணியும் வலி பரவாயில்லை, இரவெல்லாம் நின்று குத்தும் வலி என்றால் மறுபடியும் வரச்சொன்னார்கள்.

முறிந்து கூடிய எலும்பு முன்பைவிடப் பலமாகிவிடும், அதே இடத்தில் மறுபடியும் முறியாது என்று பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கேலஸ் தடித்திருக்கும் சில மாதம் அந்த இடம் பருமனால் கெட்டியாக இருக்கலாம், அந்தப் பேச்சு அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும். வேலை முழுவதும் முடிந்தபின் அது பழைய எலும்பு அளவுக்குத்தான் பலமானது. தகடு வைத்துப் பின்னால் எடுத்தவர்களுக்கு நிலைமை சிறிது காலம் மோசமாகவே இருக்கும். திருகு இருந்த ஓட்டைகள் நிரம்ப மாதங்கள் ஆகும், தகட்டின் நிழலில் வேலையில்லாமல் கிடந்த எலும்பும் சற்று மெலிந்திருக்கும். தகடு எடுத்த மறுவாரமே கபடி ஆடப்போனால் ஓட்டை வழியே புதிதாக முறியும்.

குழந்தைகள் விஷயத்தில் எலும்பு தாராளமானது. சற்றே வளைந்து கூடினாலும் வளர வளரத் தானே நிமிரும். சிறுவர்களின் தொடை எலும்பு முறிந்தால் அந்தக் கால் ஒரு சென்டிமீட்டர் வரை கூடுதலாக வளர்வதும் உண்டு. ஆனால் முறுக்கிக்கொண்டு கூடினால் அது எந்த வயதிலும் தானாகச் சரியாகாது.

மாமாவுக்கும் அத்தைக்கும் பதில்

திருத்தணி தாண்டி ஆந்திராவுக்குள் போனால் புத்தூர். அந்த ஊர்ப் பெயரில் தமிழ்நாடு முழுக்கப் பலகைகள் தொங்குகின்றன. மூங்கில் பத்தை, முட்டை வெள்ளைக்கரு, பச்சிலை. இதைக் கேலி செய்ய எனக்கு விருப்பமில்லை. விலகாத, தோல் கிழியாத முறிவை மூங்கில் பத்தையும் தாங்கிப் பிடிக்கும், மீதியை எலும்பு பார்த்துக்கொள்ளும். நாட்டு வைத்தியரின் பெயருக்கும் பெரிய ஆஸ்பத்திரியின் பெயருக்கும் பாதிப் புகழைச் சேர்த்துத் தந்தது எலும்பின் சொந்த உழைப்புதான். என் கவலை வேறு. எக்ஸ்ரே பார்க்காமல் கட்டினால் எலும்பு விலகியிருப்பது தெரியாது. மூட்டுக்குள் ஓடிய முறிவும் தெரியாது. இறுக்கிக் கட்டினால் ரத்தம் நிற்கும்.

கடைசியாகச் சொன்னது மாவுக்கட்டுக்கும் பொருந்தும். ஜெர்மானிய மருத்துவர் ரிச்சர்ட் வோல்க்மன் 1881இலேயே எச்சரித்தார்: இறுக்கமான கட்டுக்குள் ரத்தம் போகாமல் தசை செத்தால் கை நிரந்தரமாகக் கொக்கி போல மடங்கிவிடும். ரத்தம் நின்று ஆறு மணிநேரம் போனால் தசையைத் திரும்பப் பெறுவது கடினம். எனவே கட்டு போட்ட முதல் இரண்டு நாள் கையை மார்புக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும், விரல்களை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். விரல் நீலமாகவோ சில்லென்றோ ஆனால், மரத்துப்போனால், வலி மாத்திரைக்கு அடங்காமல் ஏறிக்கொண்டே போனால், விரலை யாராவது மெல்ல நிமிர்த்தும்போதே துடித்தால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. நள்ளிரவானாலும் போய்க் கட்டைத் தளர்த்திக்கொள்ள வேண்டும்.

ஆட்டுக்கால் சூப்பில் உள்ள கொலாஜன் குடலில் உடைந்து பெரும்பாலும் அமினோ அமிலமாகத்தான் உள்ளே போகும். பருப்பும் முட்டையும் மீனும் தரும் புரதமும் இறுதியில் அமினோ அமிலமாகத்தான் வந்து சேரும். உடைந்த எலும்புக்கு ஆட்டின் எலும்பு நேராகப் போய்ச் சேராது. ஆனாலும் சூடான சூப் நல்லதுதான், அத்தையிடம் நான் எதுவும் சொல்லவில்லை. புரதம் வேண்டும். கால்சியம் வேண்டும் (100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது). அந்தக் கால்சியத்தைக் குடல் உறிஞ்ச வைட்டமின் டி வேண்டும். பிரண்டையை வைத்துச் சில ஆய்வுகள் நடந்திருக்கின்றன, நம்பிக்கை தரும் சில முடிவுகளும் வந்திருக்கின்றன. கட்டுக்குப் பதில் துவையல் என்று சொல்லும் அளவுக்கு அவை போதாது. நாக்கு அரிக்காமல் அரைக்கத் தெரிந்தால் சாப்பிடுங்கள்.

ஒன்று மட்டும் எங்கள் வீட்டில் யாரும் யோசிக்காதது, மருத்துவர் கேட்டது. "நின்ற இடத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்திருக்கிறது. அடர்த்தி பார்த்தீர்களா?" ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு மணிக்கட்டு முறிவு பல சமயம் முதல் எச்சரிக்கை மணி. மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைய, இடிக்கும் செல்கள் கட்டும் செல்களை முந்திவிடுகின்றன. அடுத்த முறிவு முதுகெலும்பிலோ இடுப்பிலோ ஆகலாம். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்தோம். இளவயதினரின் எலும்போடு ஒப்பிட்டு அது ஒரு எண்ணைத் தரும். அந்த எண் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை என்பது கணக்கு. அம்மாவுக்கு மைனஸ் 2.7.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், மாலையில் மொட்டை மாடிக்கு ஏறி இறங்குகிறார். கை பழையபடி துணி பிழிகிறது. மணிக்கட்டில் உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் ஒரு சிறு கோணல் இருக்கிறது. துவைக்கும் கல்லடியில் பிளீச்சிங் பவுடர் போட்டுப் பாசியைத் தேய்த்தது நான். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து, ஓரத்தில் இன்னும் இருக்கிறது என்று அந்தக் கையால்தான் சுட்டிக்காட்டிக்கொண்டிருந்தார்.